3200 மெமரி வாங்கினேன், 2133 காட்டுகிறதே?

கேள்வி: டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். ரைசன் 5 5600ஜி பிராசசரோடு 8 ஜிபி டிடிஆர்4 3200 மெமரி இரண்டு வாங்கிப் போட்டேன். டாஸ்க் மேனேஜர் 2133 என்கிறது, கம்ப்யூட்டர் விவரம் காட்டும் சிபியு-இசட் புரோகிராமில் பார்த்தால் 1066! கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா? டைமிங்கை 14க்கு இறக்கினால் வேகம் பறக்கும் என்கிறான் மச்சான். செய்யலாமா? போட்டோ இணைத்துள்ளேன்.
- வாசகர், ஈரோடு

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். டிடிஆர் மெமரி ஒரு கிளாக் துடிப்பில் இரண்டு முறை டேட்டாவை அனுப்பும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பை, டாஸ்க் மேனேஜர் காட்டுவது அதன் இரட்டிப்பை. இரண்டும் ஒன்றுதான்.

சரி, ஏன் 3200 இல்லை? உங்கள் மெமரி ஸ்டிக்கரில் டைமிங் 16-18-18-38, 1.35 வோல்ட் என்று இருக்கிறது. டிடிஆர்4-இன் வழக்கமான வோல்டேஜ் 1.2தான். அதனால் மதர்போர்டு முதலில் பத்திரமான வேகத்தில்தான் கிளம்பும். பயாசுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் எக்ஸ்எம்பி-யை (மெமரியிலேயே பதிந்திருக்கும் வேக செட்டிங்) ஆன் செய்தால் வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றும் சேர்ந்தே மாறிவிடும். ஆசஸ் போர்டு என்றால் அதற்கு டிஓசிபி என்று பெயர்.

அதைவிடப் பெரிய விஷயம் போட்டோவில் கண்ணில் பட்டது. நான்கு ஸ்லாட்டில் பிராசசரை ஒட்டிய முதல் இரண்டில் செருகியிருக்கிறீர்கள். பெரும்பாலான போர்டுகளில் அவை இரண்டும் ஒரே சேனல், அதாவது மெமரிக்கும் பிராசசருக்கும் இடையிலான ஒரே பாதை. இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள் (மேனுவலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). இப்போது அதிகபட்சம் விநாடிக்கு 17 ஜிபி போகிற பாதை, டூயல் சேனலும் (இரண்டு பாதை) 3200-உம் சேர்ந்தால் 51 ஜிபி. பைசா செலவில்லை! 5600ஜி-யின் கிராபிக்சுக்குத் தனி மெமரி கிடையாது, இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிபி வேலையில் பெரிதாகத் தெரியாது. வீட்டில் கேம் ஆடுகிற பையன் இருந்தால் அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான்.

அப்புறம் மச்சான் சொன்ன 14. டைமிங்கில் வரும் முதல் எண், டேட்டா கேட்டபின் வந்துசேர எத்தனை துடிப்பு ஆகும் என்பது. 3200-இல் ஒரு துடிப்பு 0.625 நானோவிநாடி. ஆக 16 என்றால் 10 நானோவிநாடி, 14 என்றால் 8.75. இப்போது 2133-இல் 15 என்று ஓடிக்கொண்டிருந்தால் அது 14 நானோவிநாடிக்கு மேல்! எண் சின்னது, காத்திருப்பு பெரிது. எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான். 3600-இல் 18 என்று வருகிற மெமரியும் இதே 10தான்.

எக்ஸ்எம்பி போட்டாலே பெரும்பகுதி லாபம் கைக்கு வந்துவிடும். மிச்சம் ஒன்றேகால் நானோவிநாடிக்காகக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைப் பணயம் வைக்க வேண்டுமா? மெமரி பிழை எப்போதும் நீலத்திரை போட்டுச் சொல்லிவிட்டு வராது. ஃபைல் சத்தமில்லாமல் கெட்டிருக்கும், வாடிக்கையாளர் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

எக்ஸ்எம்பி போட்டதும் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை பென் டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 3000-க்கு இறக்கிவிடுங்கள். மெமரி சூடானால் பிழையும் கூடும், எனவே ஏசி இல்லாத கடை என்றால் கோடையில் இன்னொரு முறை சோதியுங்கள். கம்ப்யூட்டர் எழவே இல்லையென்றால் பதறாமல் சில நிமிடம் காத்திருங்கள், போர்டு தானே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டுங்கள்.