பறவை தாங்கியில் கரிச்சான் உட்காரவில்லையா?

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் இரண்டு ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் மிளகாயும் போட்டிருக்கிறேன். பூச்சி தின்னும் பறவைகள் உட்கார, ஏக்கருக்கு 20 பறவை தாங்கி (குறுக்குக் குச்சி கட்டிய கம்பு) நட்டும் கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி இரண்டுதான் வருகின்றன. அவையும் மின்கம்பியிலேயே உட்காருகின்றன. நட்டது வீண்தானா?

பதில்: வீணில்லை, இரண்டு என்பது குறைவும் இல்லை. காகத்தையும் பருந்தையுமே கொத்தி விரட்டுகிற இரட்டைவால் குருவி, தன் இடத்தில் இன்னொரு கரிச்சானை எளிதில் விடாது. தாங்கியை அதிகமாக்கினாலும் பறவை அதிகமாகாது. வருகிற ஜோடி வயலின் நடுவரை இறங்குமா, வரப்போரத்தோடு நின்றுவிடுமா என்பதுதான் தாங்கியால் மாறும்.

அது இரை பிடிப்பதைப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளி அசைந்ததும் சரிந்து இறங்கிக் கவ்வி, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். இரையைக் காலில் அழுத்திக்கொண்டு அலகால் கிழித்துத் தின்னும். அதற்கு நாலு பக்கமும் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். பயிரின் உயரத்துக்கே தாங்கி இருந்தால் கம்பிதான் அதற்கு வசதி.

ஆறடிச் சீமைக்கருவேலக் கம்பை ஒன்றரை அடி ஆழத்தில் இறுக்கி நடுங்கள். கடற்காற்றில் ஆடுகிற மெல்லிய கம்பு உதவாது. குறுக்குக் குச்சி கட்டைவிரல் பருமனில், ஒன்றரை அடி நீளத்தில், பட்டை உரிக்காததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். பயிருக்கு மேல் ஓரடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஏக்கருக்கு 20 என்றால் இடைவெளி சுமார் 45 அடி வரும். கதிர் பால் பிடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். பிறகு அதில் உட்காருவது நெல்மணி தின்னும் சில்லையும் கிளியும்தான்.

வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வண்டு, வெளியே ஊரும் புழு, இவைதான் இதன் தீனி. தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப்பூச்சிப் புழு எட்டாது. மிளகாயில் இலைப்பேன், சிலந்திப்பேன் தொல்லைக்குக் கரிச்சானை நம்பாதீர்கள், அவை அதற்கு மிகப் பொடி. கண்டபடி மருந்தடித்துப் பூச்சியெல்லாம் செத்துவிட்டால் தீனி இல்லாத வயலுக்கு அது ஏன் வரும்? தேனீயையும் பிடிக்கும் என்பதால் தேன்பெட்டி வைத்திருந்தால் அதன் பக்கத்தில் தாங்கி வேண்டாம்.

தாங்கியைவிடப் பெரிய உதவி கூட்டுமரம். அறுவடை முடிந்து கோடையில், வேம்பிலோ உடைமரத்திலோ வெளிக்கிளையின் கவட்டில் சிறு கிண்ணம்போல் கூடு கட்டும். 3 அல்லது 4 முட்டை. 14, 15 நாள் அடைகாப்பு. குஞ்சு பறக்க மேலும் 16 முதல் 20 நாள். அதன் காவலை நம்பிப் புறாவும் கொண்டைக்குருவியும் பக்கத்துக் கிளையில் கட்டுவதுண்டு. பறந்த பிறகும் ஒரு மாதம்வரை பெற்றவைதான் ஊட்டும். வயிற்றில் வெள்ளைக் கீற்றோடு தெரிபவை அந்தக் குஞ்சுகளே, வேறு இனமல்ல. ஆட்டுக்குத் தழை வெட்டும்போது அந்த மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.