அந்தப் பாட்டைச் சத்தமாகவே போடுங்கள்

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அக்கா, எனக்கு 41 வயது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதியவள், வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் கேட்ட ஹான்சன் சகோதரர்களின் 'ம்ம்ம்பாப்' பாட்டு இன்னும் எனக்கு உயிர். போன கிழமை குசினியில் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் 'டீச்சர், நீங்களா இதெல்லாம் கேக்கிறீங்க?' என்று சிரித்துவிட்டார். மகள் போட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். இந்த வயதில் இந்த ஆசை பிழையா?"

தங்கச்சி, ஒரு பிழையும் இல்லை. பாவம், மகள் தலையில் போட்டீர்களே, அது மட்டும்தான் எனக்கு மனவருத்தம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் டச்பே கடற்கரையில் நடந்துகொண்டே அந்தப் பாட்டை நாலைந்து தரம் கேட்டேன். கச்சான் வாங்க நின்ற இடத்தில் என் கால் தன்பாட்டில் தாளம் போட, கச்சான் சுருளை நீட்டியவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் தலையாட்டத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பாட்டே கேட்கவில்லை!

அப்படி ஒரு பாட்டைச் செய்வது லேசான வேலை இல்லை. 1997இல் அது வெளிவந்தபோது பாடிய அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் 16, 14, 11 வயது. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரத்துப் பிள்ளைகள், பாட்டை எழுதியதும் அவர்களேதான். அதற்கு முந்தின வருடம் தாங்களே வெளியிட்ட இசைத்தொகுப்பில் அது மெதுவாக, கொஞ்சம் ஏக்கத்தோடு போகும். பிறகுதான் வேகம் கூட்டி, இசைத்தட்டைத் தேய்க்கிற சத்தமெல்லாம் சேர்த்து நாம் கேட்ட வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஒரே வீட்டுக் குரல்கள் என்பதால் மூன்றும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டி நிற்கின்றன என்று, சங்கீதம் படித்த உங்கள் காதுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பல்லவியில் அர்த்தமே இல்லையே என்று யாராவது கேட்டால், தில்லானாவில் "தீம் தனன" என்று பாடுகிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேளுங்கள். கும்மியில் "தன்னானே", தாலாட்டில் "ஆராரோ". சொல் தீர்ந்த இடத்தில் சந்தம் பாடுவது நமக்குப் புதுசா என்ன?

ஆனால் சரணத்தை இப்போது ஒருக்கா ஆறுதலாகக் கேளுங்கள். வாழ்க்கையில் எத்தனையோ உறவுகள் வரும், ஒன்றிரண்டுதான் நிலைக்கும், முடி கொட்டுகிற வயதில் யார் நம்மீது அக்கறையோடு இருப்பார் என்று அந்தச் சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் நீங்கள் துள்ளலை மட்டும் கேட்டிருப்பீர்கள். உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் இன்று எத்தனை பேர் திருகோணமலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கனடாவில், லண்டனில், எத்தனை பேர் எங்கே என்றே தெரியாமல்? அந்தப் பாட்டு உங்களை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அது அம்மாவின் பாட்டு என்று. அப்புறம், அந்தத் தாய் அடுத்த கிழமை வரும்போது குசினிக்கு ஓடிச் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். உள்ளே கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முழுப் பாட்டையும் கேட்கவிடுங்கள். நாலரை நிமிடம்தான்.