நீலகிரியில் உடல்நல அருங்காட்சியகம்: பொருள் முதலிலா, கதை முதலிலா?

நீலகிரியில் உடல்நல அருங்காட்சியகம் அமைப்பதென்றால் கதைதான் முதலில். பொருளை முதலில் சேர்த்தால் பழைய ஸ்டெதாஸ்கோப்பும் ஊசியும் குவிந்து காயலான் கடையாகிவிடும்.

நீலகிரியில் கதைக்குப் பஞ்சமில்லை. நடுவட்டத்துச் சின்கோனா இருக்கிறது; மலேரியாவுக்கான கொய்னா மருந்து இந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது. பட்டைத் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்க்க வையுங்கள், பக்கத்திலேயே கொய்னா மாத்திரை. 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக் கதைக்குப் போதும்.

ஆனால் என் ஓட்டு உணவு ஆராய்ச்சி செய்த ஆங்கிலேயர் காலத்து மருத்துவர் மெக்காரிசனுக்கு. குன்னூரில் அவர் எலிகளுக்கு நம் நாட்டின் பல பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், காய்கறி தின்ற எலிகள் கொழுகொழு. நம் மதராஸ் அரிசிச் சாப்பாட்டு எலிகள் நோஞ்சான். (கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.) இரண்டு தட்டுகளை அருகருகே வைத்தாலே கூட்டம் நிற்கும்.

பழங்குடியினரிடம் காணப்படும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகையைச் சொல்வதானால் அவர்களையே உட்கார வைத்துப் பேசி எழுதுங்கள். நோயாளிகளின் படமும் பெயரும் வேண்டாம்.

அப்புறம் ஈரம். மழைக்காலத்தில் பீரோவுக்குள் தோல் செருப்பே பூஞ்சை பூக்கும் ஊர் இது. மருத்துவமனைப் பேரேடுகளை ஸ்கேன் செய்து நகலைக் காட்சிக்கு வையுங்கள். அசல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் இருக்கட்டும். நன்கொடையாக எது வந்தாலும் கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்காமல் உள்ளே எடுக்காதீர்கள்.