கண்ணாடியில் தெரியாத கார்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்புதான் என் மகள் கே53 என்ற தென்னாப்பிரிக்க ஓட்டுநர் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கினாள். போன மாதம் என்2 நெடுஞ்சாலையில், உம்கேனி சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், இடது தடத்துக்கு மாறும்போது பக்கத்தில் வந்த காரில் இடித்துவிட்டாள். பட்டப்பகல், நேரான சாலை, மழையும் இல்லை. "கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், அங்கே யாருமே இல்லைம்மா" என்று அழுகிறாள். இது எப்படி நடக்கும்?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: அம்மா, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. முதலில் இதை அவளிடம் சொல்லிவிடுங்கள். சாட்ஸ்வொர்த்தில் 26 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். "அங்கே யாருமே இல்லை" என்று இதேபோல் அழுதவர்கள் என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள்.

மழையும் இருட்டும் என்றால் நாமே பயந்து ஓட்டுவோம். தடம் மாறும்போது இடிப்பது பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், காய்ந்த நேர் சாலையில்தான். அமெரிக்காவில் 1991-ல் போலீசில் பதிவான விபத்துகளில் சுமார் 4 சதவீதம் இந்த வகை. அந்த நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து பார்த்தபோது, இடித்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து வண்டியைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் வாரமே வீட்டு முற்றத்தில் ஒன்று காட்டுவேன். அவர்களை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துவிட்டு, காரின் இடது பக்கமாகப் பின்னாலிருந்து மெல்ல நடந்து வருவேன். பக்கக் கண்ணாடியிலிருந்து நான் மறைந்ததும் "போயிட்டீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அவர்கள் தலையைத் திருப்பாமல் இருக்க, ஓரக்கண்ணில் நான் தட்டுப்படும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே என் மனைவியின் சின்ன காரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். உள்ளே இருப்பவருக்கு அதில் பாதிகூடத் தெரியாது. அப்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

வேகமாக வருகிற வண்டி அந்த மறைவிடத்தை நொடியில் கடந்து கண்ணில் பட்டுவிடும். உங்கள் மகள் 100-ல் போக, அந்தக் காரும் 100-லேயே வந்தால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆபத்து அதில்தான். எத்தனை முறை கண்ணாடி பார்த்தாலும் காலியாகத்தான் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? தலையை வலது ஜன்னலோடு ஒட்டிவைத்து, சொந்தக் காரின் பக்கம் மயிரிழை மட்டும் தெரியும்வரை வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அப்புறம் காரின் நடுப்பக்கம் சாய்ந்து இடது கண்ணாடியையும் அதேபோல. 1995-ல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிக் காட்டிய முறை இது. மறைவிடம் நன்றாகக் குறையும். அதற்காகத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. தேர்வு நாளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் கழுத்து திரும்புவதே இல்லை. எனக்கு மனசு வலிப்பது இதற்காகத்தான்.

ஆனால் 120-ல் போகும்போது ஒரு நொடி திரும்பினால் 33 மீட்டர் ஓடிவிடும். அதற்குள் முன்னால் போகிறவர் பிரேக் போட்டால்? அதனால் முதலில் முன்வண்டியோடு இடைவெளி, பிறகுதான் பார்வை.

இன்னொன்று. மாரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டியதும் பல தடங்கள் குறுகிச் சேரும். அங்கே ஒரு நாள் நான் இடப்பக்கமிருந்து நடுத்தடத்துக்குள் நுழைய, வலப்பக்கமிருந்து ஒரு மினிபஸ் டாக்ஸியும் அதே இடத்துக்கு நுழைந்தது. இருவரும் நடுத்தடம் காலி என்று பார்த்தோம். அதற்கு அடுத்த தடத்தை இருவருமே பார்க்கவில்லை. கதவில் கோடு விழுந்ததோடு போயிற்று. மூன்று தடச் சாலையில் அந்த மூன்றாவது தடத்தையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: பின்னால் வருபவருக்கு வழிவிட சாலையோர மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரமாக ஒதுங்குவது சரியா?
– வாசகர், டொங்காட்

பதில்: திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில், சூரியன் இருக்கும் நேரத்தில், 150 மீட்டர் தூரம் ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிந்தால் ஒதுங்கலாம். சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, பின்னால் இருப்பவர் எத்தனை முறை விளக்கடித்தாலும் ஒதுங்காதீர்கள். அந்த ஓரத்தில்தான் வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.