போர்டு போட்டோவ டெலிட் பண்ணவா?

வணக்கம் மேடம்,

போன மே மாசம் பெர்லின், வியன்னா, அப்படியே தெற்கு ஆஸ்திரியான்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தோம். போன்ல பாத்தா பாதிக்கு மேல போர்டு போட்டோதான். பெர்லின்ல நடந்து போறவங்களுக்கான சிக்னல்ல வர்ற தொப்பி போட்ட ஆளு உருவம், தெற்கு ஆஸ்திரியாவுல கரிந்தியா மாநிலத்துப் பக்கம் ரெண்டு மொழில ஊர்ப்பேரு, நடைபாதைல பதிச்சிருந்த சின்ன பித்தளைத் தகடு (என்னன்னு தெரியாமலே எடுத்தேன்). "அரண்மனைய விட்டுட்டு கம்பத்தப் போய் எடுக்கிறியே"ன்னு வீட்டுக்காரர் கேட்டுட்டே இருக்கார். வெச்சிக்கலாமா, டெலிட் பண்ணிடவா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி

*

வணக்கம்மா,

டெலிட் மட்டும் பண்ணிடாதீங்க. அரண்மனை போட்டோ நெட்ல ஆயிரம் கிடக்கு, போர்டு அப்படி இல்ல, இன்னிக்கு இருக்கும் நாளைக்கு கழட்டிடுவாங்க, மாட்டினதுக்கும் சரி கழட்டினதுக்கும் சரி பின்னாடி யாராவது சண்டை போட்டிருப்பாங்க.

அந்த தொப்பிக்காரனையே எடுத்துக்கோங்க. 1961ல கிழக்கு பெர்லின்ல கார்ல் பெக்லாவ்ங்கிற போக்குவரத்து உளவியலாளர் வரைஞ்சு கொடுத்தது. ஜெர்மனி ஒண்ணானதும் அவனத் தூக்கிட்டு மேற்கு ஜெர்மனி உருவத்த மாட்ட ஆரம்பிச்சாங்க, ஜனங்க விடல. இப்ப மேற்கு பெர்லின்லயும் அவன்தான் நிக்கிறான்.

எனக்கு உங்க லிஸ்ட்ல ரொம்பப் பெரிய விஷயமா படறது கரிந்தியா போர்டுதான். வெள்ளைப் பலகை, நீல பார்டர், மேல ஜெர்மன்ல ஊர்ப்பேரு, கீழ பக்கத்து நாடு ஸ்லோவேனியாவோட மொழியான ஸ்லோவேனியன்ல. பாக்க சாதாரணமா இருக்கும். ஆஸ்திரியா திரும்ப சுதந்திர நாடான 1955 உடன்படிக்கைலயே அங்க இருக்கிற ஸ்லோவேனியன் பேசறவங்களுக்கு ரெண்டு மொழில போர்டு வைக்கிற உரிமைய எழுதிக் கொடுத்தாச்சு, ஆனா 1972ல 205 ஊர்ல போர்டு வெச்சப்ப ஜெர்மன் பேசறவங்க கும்பல் கும்பலா வந்து பிடுங்கிப் போட்டாங்க, போலீஸ் பெருசா தடுக்கவும் இல்ல. அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு இழுத்து இழுத்து 2011லதான் 164 ஊருக்குன்னு சட்டம் வந்துச்சு. நம்ம ஊர்ல 1950கள்ல ரயில்வே ஸ்டேஷன் போர்டுல ஹிந்தி எழுத்த தார் பூசி அழிச்ச கதை நமக்குத் தெரியும், அதனாலயே இது நமக்கு சட்டுனு புரியும்னு நினைக்கிறேன், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இங்க டெல்லி திணிக்குதுன்னு எதிர்த்தாங்க, அங்க அந்த மண்ணுலயே தலைமுறை தலைமுறையா இருக்கிற சின்னக் கூட்டத்தோட பேர பெரிய கூட்டம் பிடுங்கிப் போட்டுச்சு. எனக்கு அது அநியாயமாத்தான் படுது.

அந்த பித்தளைத் தகடு, அது ஒரு நினைவுக்கல். குன்டர் டெம்னிக்னு ஒரு ஜெர்மன் கலைஞர் 1990கள்ல ஆரம்பிச்சார், இப்ப ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. நாஜிகளால கொல்லப்பட்டவங்க, விரட்டப்பட்டவங்க கடைசியா தன் விருப்பத்துல குடியிருந்த வீட்டு வாசல்ல பதிப்பாங்க. பத்து சென்டிமீட்டர் சதுரம்தான். பெரும்பாலும் முதல் வரில "இங்கே வசித்தார்"னு இருக்கும், அப்புறம் பேரு, பிறந்த வருஷம், எந்த வருஷம் பிடிச்சிட்டுப் போனாங்க, எங்க கொன்னாங்க. எழுத்தெல்லாம் ஒவ்வொண்ணா அடிச்சுப் பதிச்சது. உங்க போட்டோவ பெருசாக்கி அந்தப் பேர தயவுசெஞ்சு படிச்சிடுங்க.

அடுத்த தடவ ஒண்ணு பண்ணுங்க, கிட்டப் போய் ஒரு படம், பத்தடி பின்னாடி வந்து இன்னொரு படம். தகடுன்னா அந்த வீட்டு வாசலும் தெரியணும், ஊர்ப்பலகைன்னா ரோடும் பின்னாடி இருக்கிற தேவாலயமும் தெரியணும். போர்ட மட்டும் வெட்டி எடுத்தா அது எங்க, யாருக்காக நிக்குதுங்கிறது போயிடும். பித்தளைல வெயில் பட்டா எழுத்தே தெரியாது, கொஞ்சம் சைடுல குனிஞ்சு எடுங்க, குனியறப்ப அந்த வீட்டுக்காரங்க யாராவது வந்தா வழி விட்டு நில்லுங்க.

இடமும் தேதியும் போன்லயே பதிவாகியிருக்கும், ஆனா வாட்ஸப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா அது அழிஞ்சிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. கரிந்தியா படம் எனக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க, எந்த ஊர்னு பாக்கணும்.