இரண்டு மணிக்குக் கதவடைக்கும் ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் மெனோர்க்கா தீவைப் பற்றிய உங்கள் குறிப்பில் மாவோ ஊரை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் கணவரும் அத்தையும் (வயது 68) பார்சலோனாவிலிருந்து அங்கே போகிறோம். தெற்குக் கடற்கரையில் நான்கு இரவுக்கு விடுதி போட்டாயிற்று. ஒருநாள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாவோவுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். அங்கே போய்வந்த ஒருவர், "செத்த ஊர், ஒரு ஈ காக்காய் இல்லை" என்கிறார். செங்குத்துப் பாறைமேல் ஊர் என்பதால் அத்தையின் முழங்காலை நினைத்தும் பயமாக இருக்கிறது. அவர் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். போகலாமா, விட்டுவிடலாமா?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

போகலாம். மதியம் மட்டும் போகாதீர்கள்.

உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் போயிருப்பார். மாவோவில் கடைகள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் மறுபடி ஐந்து, ஐந்தரைக்குத்தான் ஏற்றும். தேவாலயமும் பூட்டியிருக்கும். பச்சை மரக் கதவுகள் சாத்திய தெருக்களில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதிக்காகவே போகிறவர்களும் உண்டு. ஆனால் கையில் இருப்பது அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான் என்றால் ஊரைப் பார்த்ததாகாது. உங்கள் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலை ஒன்பதரைக்கு அங்கே இருங்கள், மதியத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விடுங்கள், மாலை ஏழரை வரை இருங்கள். நான்கு இரவில் ஒன்றை மட்டும் ஊருக்குள்ளேயே, மேல் ஊரில், தங்க மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

முதலில் பெயர். ஊர்க்காரர்கள் பேசும் கட்டலான் மொழியில் மாவோ. ஸ்பானிய மொழியில் மாஓன். சீனத் தலைவருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கப்பல், விமானச் சீட்டுகளில் இரண்டு பெயரும் வரும், இரண்டும் ஒரே இடம்தான். பார்சலோனாவிலிருந்து கப்பலில் போவதானால் அது எந்தத் துறைக்குப் போகிறது என்று பாருங்கள். சில கப்பல்கள் தீவின் மறுகோடியான சியுத்தடெல்லாவுக்குப் போகும். அங்கிருந்து மாவோ 45 கி.மீ., பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

இந்த ஊர் ஏன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நடப்பது எளிதாகும். மெனோர்க்கா இரண்டு துண்டு நிலம். வடபாதி பழைய, கருத்த பாறை. தென்பாதி ‘மாரேஸ்’ என்கிற வெளிர்மஞ்சள் சுண்ணக்கல். இரண்டும் சேரும் கோட்டில்தான் மாவோ துறைமுகம் ஐந்து கி.மீ.க்கு மேல் நீளமாக, ஒரு கழிமுகம்போல உள்ளே போகிறது. தென்கரையில் மாரேஸ் கல் சுவராக நிற்கிறது. அதன் உச்சியில் ஊர். அடியில், தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே, ஒரு தெரு அகலத்துக்கு உணவகங்களும் கிடங்குகளும் படகுகளும். ஆக மாவோ என்பது இரண்டு ஊர். மேலே சந்தை, தேவாலயம், வீடுகள். கீழே துறை. இரண்டையும் இணைக்கும் வழிகள் சிலதான் என்பதை வரைபடம் சொல்லாது. அதில் நூறு மீட்டர் தூரம் என்று தெரிகிற இடம் நடுவில் ஒரு பாறைச் சுவரை வைத்துக்கொண்டிருக்கும். அங்கே பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அத்தையின் முழங்காலுக்கு வழி இருக்கிறது. மேல் ஊர் கிட்டத்தட்ட சமதளம், லேசான சரிவு மட்டும். பஸ் நிலையமும் பெரிய நிலத்தடி கார் நிறுத்தமும் மேலேயே, எஸ்பிளனாடா சதுக்கத்தின் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடை, படியே இல்லாமல். துறைக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது. அது ஓடுகிறதா என்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள். ஓடாவிட்டால் ‘கோஸ்தா தெ செஸ் வோல்தஸ்’ என்ற வழி. இங்கே கார்ச் சாலை பாம்புபோல வளைந்து இறங்கும். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு படிகள் போகும். முழங்கால் வலிக்காரர் படியை விட்டுச் சாலை ஓரமாகவே இறங்கலாம், தூரம் கூடும், வலி குறையும். ஏறும்போது டாக்ஸி பிடியுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. காலில் அடிப்பகுதி பிடிமானமுள்ள செருப்பு அவசியம். தேய்ந்த கல் மழை பெய்தால் வழுக்கும், அக்டோபரில் மழை வரும்.

காலையில் முதல் வேலை மீன் சந்தை. சைவத்துக்கு மீன் சந்தையா என்று கேட்காதீர்கள். 1927இல் பழைய கோட்டைக் கொத்தளத்தின்மேல் கட்டியது, பார்க்க வேண்டிய கட்டடம். அங்கேயே ஒரு பக்கம் சிறு தீனிக் கடைகளும் இருக்கின்றன. ஞாயிறும் திங்களும் மீன் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு நிமிட நடையில் கார்மெல் மடம். 18ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காகக் கட்டிய மடத்தின் வளைவு முற்றத்தில் இப்போது காய்கறிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை. நடுவில் இது சிறையாகவும் நீதிமன்றமாகவும் இருந்திருக்கிறது.

பாலாடைக்கட்டிக் கடையில் நின்று ஒரு கட்டியை உற்றுப் பாருங்கள். மாவோ கட்டி வட்டமில்லை, மூலை மழுங்கிய சதுரம். தயிர்த்திரளைச் சதுரத் துணியில் வைத்து, நான்கு முனையையும் சேர்த்து முடிந்து, அழுத்திப் பிழிவார்கள். அந்த முடிச்சின் பள்ளமும் துணி மடிப்பின் சுருக்கமும் மேல்பரப்பில் அப்படியே பதிந்திருக்கும். முதிரவைக்கும்போது தோலில் வெண்ணெயோ எண்ணெயோ மிளகாய்ப்பொடியோ தேய்ப்பதால் ஆரஞ்சு நிறம். 21 நாள் முதல் 60 நாள் வரை ஆனது இளசு, இரண்டிலிருந்து ஐந்து மாதம் நடுத்தரம், அதற்கு மேல் முற்றல். முற்றல் உப்பும் காரமுமாக நாக்கைப் பிடிக்கும். முதல்தடவைக்கு நடுத்தரம் வாங்குங்கள். அத்தைக்கு வாங்குமுன் ஒன்று: பாலைத் திரிக்கும் உறைப்பொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மேலட்டையில் ‘குவாஹோ வெஹெத்தால்’ என்று இருந்தால் தாவர உறைப்பொருள். வெறும் ‘குவாஹோ’ என்றால் வேண்டாம்.

சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுகிறேன். மயோனைஸ் இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது, 1756இல் பிரெஞ்சுப் படை இங்கிருந்து கொண்டுபோனது என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். வாதாட வேண்டாம், அத்தைக்கு அதில் முட்டை. எல்லாக் கடையிலும் குவித்து வைத்திருக்கும் ‘என்சைமாதா’ என்ற சுருள் ரொட்டி பார்க்க வெகு சாதுவாக, மேலே சர்க்கரைத்தூளுடன் இருக்கும். அந்தப் பெயரே ‘சைம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சைம் என்றால் பன்றிக் கொழுப்பு. காய்கறி சாலட் கேட்டால் மேலே டூனாவும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுப்பார்கள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடை வரும், அவர்கள் கணக்கில் அது வேறு. இப்படிச் சொல்லுங்கள்: "ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதோ, ஸின் வேவோ." இறைச்சி, பன்றித் தொடை, மீன், முட்டை நான்கும் இல்லாமல் என்று பொருள். நம்பிச் சாப்பிடத் தக்கது ‘ஓலியாய்குவா’: தக்காளி, வெங்காயம், குடமிளகாய், பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டுக் கொதிக்க விடாமல் சூடாக்கிய தண்ணீர்ச் சாறு, அடியில் காய்ந்த ரொட்டி. கிடைக்கும் பருவத்தில் அத்திப்பழம் தொட்டுக்கொள்வார்கள். நம் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். எலும்புச் சாறு ஊற்றவில்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. நாலு மணிக்குப் பசித்தால் ரொட்டிதான். இரவுச் சாப்பாடு எட்டுக்கு மேல்.

சாந்தா மரியா தேவாலயத்துக்கு முற்பகலில் போங்கள். வெளியே பார்க்க மொட்டைச் சுவர். உள்ளே 1810இல் நிறுவிய ஆர்கன்: நான்கு அடுக்கு விசைப்பலகை, 3,000க்கு மேல் குழாய். சுற்றுலாப் பருவத்தில் முற்பகலில் சிறு கச்சேரி வைப்பார்கள், நேரம் வாசலில் ஒட்டியிருக்கும். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று தோன்றும். துறைமுகக் காசு.

அந்தக் காசின் கதையை வீடுகளில் படிக்கலாம். மத்தியதரைக் கடலில் இவ்வளவு ஆழமான, காற்று புகாத துறை அரிது என்பதால் ஆங்கிலேயர் 1708இல் பிடித்தார்கள். 1756இல் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தார்கள். அந்தத் தோல்விக்காக அட்மிரல் பிங் 1757இல் சுட்டுக் கொல்லப்பட்டார், தன் நாட்டுக் கடற்படையாலேயே. 1763இல் திரும்பக் கிடைத்தது, 1782இல் ஸ்பெயினிடம் போனது, 1798இல் மறுபடி, 1802இல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். தலைநகரைச் சியுத்தடெல்லாவிலிருந்து மாவோவுக்கு மாற்றியதும் அவர்களே. பிஷப்பும் பிரபுக்களும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அதனால்தான் அரண்மனையும் கதீட்ரலும் அங்கே, வியாபாரிகளின் அளவான வீடுகள் இங்கே. பிரம்மாண்டம் தேடி மாவோவுக்கு வருகிறவர் ஏமாறுவார்.

‘இரண்டாம் இசபெல்’ தெருவில் மெதுவாக நடந்து ஜன்னல்களைப் பாருங்கள். ஸ்பெயினில் ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கும். இங்கே பல வீடுகளில் கண்ணாடிச் சட்டம் மேலும் கீழுமாக நகர்கிறது, இங்கிலாந்து வீடுகள்போல. தெருவுக்குப் பிதுங்கி நிற்கும் கண்ணாடிக் கூண்டு ஜன்னலுக்கு ஊரில் பெயர் ‘போயின்டர்’. ‘போ விண்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுந்தபடி சொன்னது. சாக்பீஸ் இவர்களுக்கு ‘ஷாக்’, குழம்பு ‘கிரெவி’. ஆள்பவர்கள் போய் 200 ஆண்டுக்கு மேலாகியும் சொற்கள் மிச்சமிருக்கின்றன. இந்தத் தெருவில் ஒரு பக்க வீடுகளின் பின்சுவர் பாறை விளிம்பிலேயே நிற்கிறது. முன்பக்கம் பார்த்தால் தெரியவே தெரியாது. இடையில் ஒரு சந்து திறக்கும் இடத்தில் திடீரென்று கீழே துறைமுகம் முழுக்க விரியும். தெருக் கோடியில் பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் தீவின் அருங்காட்சியகம்; திங்கள்கிழமை போய் நிற்க வேண்டாம்.

பாறைமேல் நிற்பவருக்குப் பாறை தெரியாது. அதனால் படகில் ஏறுங்கள். துறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரச் சுற்று. உள்வாங்கிய துறை என்பதால் வெளிக்கடல் கொந்தளித்தாலும் உள்ளே அநேகமாக ஓட்டுவார்கள். அத்தைக்கும் உட்கார்ந்தே பார்க்க வசதி. வழியில் வருவது 1711இல் ஆங்கிலேயர் கடற்படை மருத்துவமனை தொடங்கிய ராஜா தீவு, கொள்ளைநோய்க் காலக் கப்பல்காரர்களை ஒதுக்கிவைத்த மதில் சூழ்ந்த லசரெத்தோ, துறைவாயில் லா மோலா கோட்டை. அந்தக் கோட்டை 1848இல் தொடங்கி 1875 வரை கட்டியது. கட்டி முடிப்பதற்குள் பீரங்கி அதைவிட முன்னேறிவிட்டது. கோட்டைக்குள் நடக்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும், நிழல் கிடையாது. அத்தையுடன் வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். பாறை முகம் வடக்கே பார்த்தது. நடுப்பகலில் சூரியன் ஊருக்குப் பின்னால் இருப்பதால் படகிலிருந்து எடுத்தால் பாறை கருப்பாக விழும். அக்டோபரில் விடிவதே ஏழே முக்காலுக்கு. அதன்பின் சிறிது நேரம் சாய்ந்த வெயில் கல்லை உரசிப் போகும். அதை விட்டால் மாலை ஏழேகாலுக்குச் சூரியன் மறைந்தபின், விளக்குகள் ஏற்றியதும் எடுங்கள். கப்பலில் விடியற்காலை வந்து சேர்வதானால் இடப்பக்கத் தளத்தில் நில்லுங்கள், ஊர் அந்தப் பக்கம்தான் வரும்.

இனி தேதி. நீங்கள் சொல்லும் வாரத்தில்தான் அக்டோபர் 12 வருகிறது, ஸ்பெயினின் தேசிய விடுமுறை. அன்று கடை, சந்தை எதையும் நம்ப முடியாது. சனி மதியத்துக்குப் பின்னும் ஞாயிறும் அப்படியே. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் பாருங்கள். பெரிய சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளென்றால் பத்திலிருந்து ஒன்று வரை சந்தையில் கால்வைக்க இடமிருக்காது. துறைமுகம் கப்பல் அட்டவணையை முன்கூட்டியே வெளியிடும், பார்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவென்று தீவின் சுற்றுலா வரியைத் தனியாகக் கேட்பார்கள். அது மோசடி இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதில் கால்பங்குதான், ஆனால் அப்போது பாதி விடுதிகளும் சுற்றுப் படகும் இருக்காது.

தெற்குக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வருவதானால், திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடன் பஸ் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். கோடை அட்டவணை அக்டோபரில் சுருங்கும். மாலை ஏழரை வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன், டாக்ஸிக்கும் காசு எடுத்து வையுங்கள்.