தானாக வளையும் மேற்கோள் குறிகள்

கேள்வி: பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் மனை விளம்பரம் தட்டும்போது 30' × 40' என்ற அளவில் வரும் அடிக்குறி தானாக வளைந்துவிடுகிறது. அதே கோப்பில் பிளேஸ் செய்த (வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த) வேர்டு கட்டுரையிலோ மேற்கோள் குறிகள் நேராகவே நிற்கின்றன. ஏன் இந்த முரண்பாடு?

பதில்: இரண்டையும் ஒரே அமைப்பு ஆள்வதில்லை. ப்ரிஃபரன்சஸில், டைப் பகுதியில் உள்ள ‘யூஸ் டைபோகிராஃபர்ஸ் கோட்ஸ்’ என்பது நேர் குறிகளை வளைக்கும் வசதி; அது நீங்கள் தட்டும் குறிகளுக்கானது. பிளேஸ் செய்யும் கோப்புக்கு அதே பெயரில் தனிக்கட்டம் ஒன்று உண்டு; அது அணைந்திருந்தால் குறிகள் நேராகவே வரும். ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தால்தான் அது கண்ணில் படும் என்பதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை.

மென்பொருளுக்குப் பொருள் புரியாது. குறிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இடைவெளியோ வரித் தொடக்கமோ இருந்தால் திறக்கும் குறியையும், எழுத்தோ எண்ணோ இருந்தால் மூடும் குறியையும் போடுகிறது. 30-ஐ அடுத்து வரும் அடிக்குறி மூடும் குறியாவது இதனால்தான். ஆண்டைச் சுருக்கி ’98 என்று எழுத முயன்றால் ‘98 என்று தலைகீழாக வருவதும் இதே கணக்கில்தான்.

அளவுகளைத் தட்டும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றுடன் ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தினால் இந்த வசதி அணையும். மீண்டும் அழுத்தினால் திரும்பிவிடும். முறைப்படி அடிக்கும் அங்குலத்துக்கும் உரியவை ஒருங்குறியில் (யுனிகோடில்) 2032, 2033 என்ற எண்களில் உள்ள சாய்ந்த கோடுகள் (30′, 6″). தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இவை இருப்பதில்லை. அப்போது அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். வேறு எழுத்துருவைக் கேரக்டர் ஸ்டைலாக (தேர்ந்த எழுத்துகளுக்கு மட்டும் பொருந்தும் வடிவ அமைப்பாக) அமைத்து அங்கே பொருத்தலாம். மனை விளம்பரம்தானே, ‘30 அடி × 40 அடி’ என்று எழுதிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

ஏற்கெனவே வந்துவிட்ட கட்டுரையைத் திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் எண்ணை ஒட்டிய குறிகளைத் தேடி, அளவாக இருப்பவற்றை மட்டும் சாய்ந்த கோடாக மாற்றுங்கள். "1996" என்று மேற்கோளுக்குள் முடியும் ஆண்டும் இந்தத் தேடலில் சிக்கும் என்பதால், ‘சேஞ்ச் ஆல்’ கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வளைவு வசதியை இயக்கி, ஃபைண்ட், சேஞ்ச் இரு கட்டங்களிலும் நேர் இரட்டைக் குறியையே இட்டு மொத்தமாக மாற்றினால், மென்பொருளே திசை பார்த்து வளைத்துவிடும். ஒற்றைக் குறிக்கும் அப்படியே செய்யலாம். ஆனால் சுருக்கிய ஆண்டுகள் அப்போதும் தலைகீழாகவே வரும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.